ஓடிய படத்தையே ஏன் திரும்ப எடுக்கிறார்கள்?

"கதைக்கா பஞ்சம்?" எந்த ரீமேக் அறிவிப்பு வந்தாலும் அதற்குக் கீழே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். பஞ்சமெல்லாம் ஒன்றும் இல்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இரண்டு மூன்று கதை வைத்திருக்கிற உதவி இயக்குநர் ஒருவராவது இருப்பார், அதில் ஒன்றை பைண்ட் போட்டுப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். அவற்றில் எத்தனை தேறும் என்பது தனி விஷயம். ஆனாலும் கதை கிடைக்காமல் யாரும் ரீமேக்குக்குப் போவதில்லை. கிடைக்கிற கதை ஓடுமா ஓடாதா என்று படம் எடுப்பதற்கு முன்னால் சொல்லக்கூடிய ஆள் யாரும் இல்லை, அதனால்தான் போகிறார்கள்.

நம் சினிமாவில் கதையைப் படிப்பது குறைவு, கேட்பதுதான் வழக்கம். இயக்குநர் ஹீரோ முன்னால் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் கதை சொல்வார். பின்னணி இசையை வாயாலேயே போடுவார், "இங்க இன்டர்வல் சார்" என்று நிறுத்தி முகத்தைப் பார்ப்பார். ஹீரோவுக்குப் பிடித்தால் தயாரிப்பாளரிடம் சொல்லப்படும். அங்கிருந்து ஃபைனான்சியரிடம் போகும்போது கதை ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருக்கும், விநியோகஸ்தரிடம் போகும்போது கதையே இருக்காது, ஹீரோ யார், இயக்குநரின் முந்தைய படம் என்ன ஆச்சு என்ற இரண்டே கேள்விதான் மிச்சம். இத்தனை பேரும் தலையாட்டியிருப்பார்கள், ஆனால் ஒவ்வொருவர் மனசிலும் ஓடுவது வேறு வேறு படம். பிரமாதமாகக் கதை சொல்லிவிட்டு மோசமாகப் படம் எடுத்தவர்களும் உண்டு, திக்கித் திணறிச் சொல்லிவிட்டு நல்ல படம் கொடுத்தவர்களும் உண்டு. கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிய வழியில்லை.

இதே இடத்தில் ஒரு தெலுங்குப் படத்தையோ மலையாளப் படத்தையோ வைத்துப் பாருங்கள். ஹீரோ, தயாரிப்பாளர், ஃபைனான்சியர், விநியோகஸ்தர் எல்லாரும் பார்ப்பது ஒரே படம். எந்த இடத்தில் தியேட்டர் கை தட்டியது, எந்தப் பாட்டுக்கு ஆள் வெளியே போய் சிகரெட் பிடித்தான், இன்டர்வல் எங்கே விழுந்தது, எல்லாம் தெரிந்த தகவல். ஒப்பந்தத்தில் ரீமேக் உரிமை என்று எழுதியிருக்கும், ஆனால் தயாரிப்பாளர் காசு கொடுத்து வாங்குவது இத்தனை பேரும் ஒரே நேரத்தில் சரி சொல்கிற அந்த வசதியைத்தான்.

இதில் வட்டியும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி வெளி ஃபைனான்ஸில்தான் எடுக்கப்படுகிறது. வாங்கிய நாளிலிருந்து மீட்டர் ஓடும். சொந்தக் கதை என்றால் டிஸ்கஷன் என்ற பெயரில் மாதக்கணக்கில் ரூம் போட்டு உட்கார வேண்டும், கடைசியில் க்ளைமாக்ஸ் சிக்காமல் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியும் வரும். ரீமேக்கில் காட்சி வரிசை தயார், எத்தனை நாள் ஷூட்டிங் என்று ஓரளவு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். அதைவிட முக்கியம், நம் ஊரில் அரிதான பொருள் கதையே கிடையாது, ஹீரோவின் கால்ஷீட்தான். ஹீரோ தேதி கொடுத்துவிட்டார், கதை இன்னும் ரெடியாகவில்லை என்ற நிலைமை கோடம்பாக்கத்துக்குப் புதிதல்ல. தேதியை விட்டால் அடுத்து எப்போது கிடைக்குமோ தெரியாது. ரெடியாக இருக்கும் ஒரு கதை எங்கே இருக்கிறது என்று தேடினால், பக்கத்து மாநிலத்தில் நூறு நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் சட்டம். வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. சுவாரசியமான வழக்கு அது. பஞ்சாபிக் குடும்பத்துக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் நடுவில் வரும் காதலையும் பிரதேச வெறியையும் வைத்து ஆனந்த் ஒரு நாடகம் போட்டார், 1956-ல் அதே கரு 'நியூ டெல்லி' என்ற இந்திப் படமாக வந்தது, நாடக ஆசிரியர் வழக்குப் போட்டுத் தோற்றார். கரு பொது, அதைச் சொல்கிற விதத்துக்குத்தான் உரிமை என்பது தீர்ப்பின் சாரம். அப்படியென்றால் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு பணம் கொடுக்காமல் தப்பிக்கலாமே? தப்பிக்கிறவர்கள் காலங்காலமாக இருக்கிறார்கள். பணம் கொடுப்பவருக்கு வேண்டியது கரு மட்டும் இல்லை, காட்சி காட்சியாக அதே படம் வேண்டும், வெள்ளிக்கிழமை காலை யாரும் தடையுத்தரவோடு வந்து நிற்கக் கூடாது.

சொந்தக் கதைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2018-ல் 'சர்கார்' வெளியாவதற்கு முன்னால், தன்னுடைய கதை என்று ஒருவர் எழுத்தாளர் சங்கத்துக்குப் போனார், சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டு கதைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்றார், விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், டைட்டில் கார்டில் அவர் பெயரைப் போடுவதாகச் சமரசம் ஆன பிறகுதான் தீபாவளிக்குப் படம் வந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டவர் கோணத்தில் பாருங்கள்: ரீமேக் என்பது வில்லங்கச் சான்றிதழோடு வரும் மனை.

இதெல்லாம் இன்றைய சோம்பேறித்தனம் என்று நினைத்தால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. ஏவிஎம் 1949-ல் 'வாழ்க்கை' எடுத்தது, அடுத்த வருடம் அதையே தெலுங்கில் 'ஜீவிதம்', அதற்கடுத்த வருடம் இந்தியில் 'பஹார்', மூன்றிலும் வைஜயந்திமாலா. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-ல் வந்தது, மறு வருடமே இந்தியில் 'தில் ஏக் மந்திர்'. எனக்குப் பிடித்த உதாரணம் இரட்டையர் கதைதான். 1964-ல் தெலுங்கில் என்.டி.ராமாராவ் இரட்டை வேடத்தில் 'ராமுடு பீமுடு'. 1965-ல் தமிழில் எம்.ஜி.ஆர், 'எங்க வீட்டுப் பிள்ளை'. 1967-ல் இந்தியில் திலீப் குமார், 'ராம் அவுர் ஷ்யாம்'. மூன்றுக்கும் இயக்குநர் ஒருவரே, தாபி சாணக்யா. கோழை, தைரியசாலி என இரண்டு அண்ணன் தம்பி இடம் மாறிக்கொள்ளும் அந்தக் கதையை அப்புறம் சலீம்-ஜாவேத் பெண்களுக்கு மாற்றி எழுத, 1972-ல் ஹேமமாலினி நடித்த 'சீதா அவுர் கீதா' ஆனது. அது திரும்பத் தமிழுக்கே வந்து 1974-ல் வாணிஸ்ரீ நடித்த 'வாணி ராணி' ஆயிற்று. பத்து வருடத்தில் ஒரே கதை நாட்டைச் சுற்றிவிட்டு, போகும்போது ஆணாகப் போய் வரும்போது பெண்ணாக வந்து சேர்ந்திருக்கிறது, யாரும் கதைக்குப் பஞ்சமா என்று கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம், மதுரைக்காரர் 'ராமுடு பீமுடு' பார்த்திருக்க மாட்டார். எம்.ஜி.ஆர் சாட்டையைச் சுழற்றியபோது அது அவருக்குப் புத்தம்புது கதை. ஒவ்வொரு மொழியும் மதில் கட்டிய தனிச் சந்தை, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே என்ன ஓடுகிறதென்று தெரியாது, மதில் மேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தவர்கள் சென்னை ஸ்டூடியோக்காரர்கள் மட்டும்தான். தென்னிந்தியாவின் நாலு மொழிப் படமும் ஒரே ஊரில், பல நேரம் ஒரே தளத்தில், ஒரே தொழிலாளர்களை வைத்து எடுக்கப்பட்ட காலம் அது. ரீமேக் வியாபாரம் முழுக்க இந்த மதிலை நம்பி நடந்தது.

மதில்தான் காரணம் என்பதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சாட்சி இருக்கிறது. கன்னடத்தில் 1960-களில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு டப்பிங் படங்களுக்குக் கட்டுப்பாடு. சட்டத்தில் இல்லை, தொழில்துறையே போட்டுக்கொண்டது. 2015-ல் இந்தியப் போட்டி ஆணையம் இது தவறு என்று உத்தரவு போடும் வரை நீடித்தது, 2017-ல் அஜித்தின் 'என்னை அறிந்தால்' கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தபோதுகூட எதிர்ப்பு இருந்தது. மொழியைக் காப்பாற்றத்தான் அந்தக் கட்டுப்பாடு என்றார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நடந்தது என்னவென்றால், டப்பிங் வரக் கூடாத ஊரில் ரீமேக் வந்து குவிந்தது. பக்கத்துப் படம் கன்னடம் பேச வேண்டுமென்றால் அதைத் திரும்ப எடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

எதிர்ப்பக்கச் சாட்சி, பாலசந்தரின் 'மரோ சரித்ரா'. 1978-ல் கமலையும் சரிதாவையும் வைத்துத் தெலுங்கில் எடுத்த படம், சென்னையில் தெலுங்கிலேயே ஒரு வருடத்தைத் தாண்டி ஓடியது. தமிழரான பாலசந்தர் அதைத் தமிழில் எடுக்கவே இல்லை, 1981-ல் 'ஏக் தூஜே கே லியே' என்று இந்திக்குக் கொண்டுபோனார். எடுத்திருந்தால் யார் பார்ப்பார்கள், ஊரே பார்த்துவிட்டதே. 2015-ல் 'பிரேமம்' சென்னையில் இருநூறு நாளைத் தாண்டியபோதும் இதேதான்: மலர் டீச்சரைத் தமிழில் வேறு யாராவது செய்யப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே பசங்க சண்டைக்கு வந்தார்கள். தெலுங்கில் ரீமேக் ஆனது, தமிழில் ஆகவில்லை.

இவ்வளவு சொன்னதால் ரீமேக் என்றாலே ஜெராக்ஸ் மிஷின் வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல ரீமேக்கில் நிறைய மூளை வேலை இருக்கிறது. 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நாட்டியக்காரி. கேரளப் பெண் ஒருத்தி திடீரென்று தமிழில் பேச ஆரம்பிப்பதில்தான் அந்தப் பயமே இருக்கிறது. இதைத் தமிழில் எடுத்தால் அவள் தமிழ் பேசுவதில் என்ன திகில்? அதனால் 'சந்திரமுகி'யில் அவள் ஆந்திரத்து நாட்டியக்காரி ஆனாள், ஜோதிகா "ரா ரா" என்று தெலுங்கில் பாடினார். இந்தி 'பூல் புலையா'வில் அவளே வங்காளத்து மஞ்சுலிகா. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்து ஊர் பாஷை பேசும் ஒரு பேய் தேவைப்பட்டது, அதைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் பிழைத்தார்கள். அதே போல 'கில்லி', 'ஒக்கடு'வை அப்படியே எடுத்ததாகத்தான் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் கர்நூலும் ஹைதராபாத்தும் இருந்த இடத்தில் மதுரையும் சென்னை கலங்கரை விளக்கமும் உட்கார்ந்த விதத்தில் அது முழுக்க நம்ம படமாகிவிட்டது. என்னைக் கேட்டால் மூலத்தைவிட 'கில்லி' ஒரு படி மேல், தெலுங்கு நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

'சந்திரமுகி' ஏன் எடுக்கப்பட்டது என்பதும் பார்க்க வேண்டியது. 2002-ல் 'பாபா' ரஜினியே எழுதிய கதை. சரியாகப் போகவில்லை, நஷ்டப்பட்டவர்களுக்கு அவரே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அடிக்கு அப்புறம் மூன்று வருடம் கழித்து அவர் தொட்ட கதை, மலையாளத்தில் ஒரு முறை ஓடி, 2004-ல் 'ஆப்தமித்ரா' என்று பி. வாசு கன்னடத்தில் எடுத்து இன்னொரு முறையும் ஓடியது. இரண்டு முறை சோதித்துப் பார்த்தது. மோகன்லால் மூலப் படத்தில் வெகுநேரம் கழித்துத்தான் வருவார், ரஜினிக்கு அது சரிப்படாது, ஆரம்பத்திலேயே சண்டையோடு வந்தார். சென்னை சாந்தி தியேட்டரில் படம் 800 நாட்களுக்கு மேல் ஓடியது (தயாரித்த சிவாஜி குடும்பத்தின் சொந்தத் தியேட்டர்தான், அதையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள்). நட்சத்திரம் பெரிதாக ஆக, சறுக்கினால் விழும் பள்ளமும் ஆழமாகிறது, அதனால் கதையில் சோதனை செய்ய அவர்தான் கடைசி ஆளாக வருவார். ரஜினியின் எண்பதுகளைப் பார்த்தாலே புரியும், 'பில்லா', 'தீ', 'படிக்காதவன்', 'மிஸ்டர் பாரத்', 'வேலைக்காரன்' எல்லாம் அமிதாப் ஏற்கெனவே ஓட்டிக் காட்டியவை.

இயக்குநர்களுக்கு ரீமேக் என்ற ஏணி வேறு மாதிரி வேலை செய்கிறது. மோகன் ராஜா 2003-ல் 'ஜெயம்' எடுத்தார், தெலுங்கு ரீமேக். 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி', 'உனக்கும் எனக்கும்', 'சந்தோஷ் சுப்ரமணியம்', 'தில்லாலங்கடி' என்று வரிசையாகத் தெலுங்கிலிருந்தே வந்தன, பெரும்பாலும் ஓடவும் செய்தன. ஓடியதற்குப் பாராட்டு தெலுங்குக்காரர்களுக்கும், ஓடாததற்குத் திட்டு அவருக்கும் போனது. 'ரீமேக் ராஜா' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து 2015-ல் சொந்தக் கதையோடு 'தனி ஒருவன்' எடுத்தார், அது பெரிய வெற்றி. அடுத்த வருடமே தெலுங்குக்காரர்கள் அதை வாங்கி ராம் சரணை வைத்து 'துருவா' எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பன்னிரண்டு வருடம் வீண் போகவில்லை, ஓடிய படங்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிய கை அது. ஆனால் எல்லாருக்கும் ஜாமீன் போட ஒரு வெற்றி வரிசை அமைவதில்லை.

இயக்குநருக்குச் சொந்தமாக ஒரு பார்வை இருந்தால் என்ன ஆகும்? 'அர்ஜுன் ரெட்டி'யைத் தமிழில் எடுக்க பாலாவைப் பிடித்தார்கள். அவர் 'வர்மா'வை முடித்துக் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் தயாரிப்பு நிறுவனம், இது எங்களுக்குத் திருப்தியாக இல்லை, மூலப் படத்தின் ஆன்மாவுக்கு உண்மையாக இருக்கும்படி முதலிலிருந்து திரும்ப எடுக்கிறோம் என்று அறிவித்தது. படைப்புச் சுதந்திரத்துக்காகத் தானே விலகியதாக பாலா சொன்னார். அதே கதாநாயகன், வேறு இயக்குநர், 'ஆதித்ய வர்மா' என்று அந்த வருடமே வந்தது. பாலாவின் படம் அடுத்த வருடம் ஓடிடியில் வந்து போனது. பாலாவின் படம் நல்ல படமா இல்லையா என்பதை விடுங்கள், ஒரு முழுப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கும் செலவைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், வாங்கிய பொருள் வாங்கியபடியே கையில் வந்து சேர வேண்டும் என்பதற்காக. பாலாவிடம் போய் அதைக் கேட்டதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

சரி, காகிதத்தில் இருக்கும் கதையை மதிப்பிடத் தெரிந்தவர்கள் எப்போதுமே இல்லையா? இருந்தார்கள். பழைய படங்களின் டைட்டிலில் 'ஜெமினி கதை இலாகா', 'ஏவிஎம் கதை இலாகா', 'தேவர் கதை இலாகா' என்று வரும், கவனித்திருப்பீர்கள். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, கதையைப் பிரித்து, அடித்து, திருத்தி, இது தேறும் இது தேறாது என்று சொல்வதற்கென்றே ஒரு பிரிவு. ஜெமினியில் கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள். முதலாளிக்கும் கதை தெரியும், வாசன் பத்திரிகைக்காரர். அந்த மேசையிலும் ரீமேக் நடந்தது, ஆனால் வெளியூர்ப் படத்தையும் உள்ளூர்க் கதையையும் பக்கத்தில் வைத்து எடை போட ஆள் இருந்தது. ஸ்டூடியோக்கள் கரைந்தபோது இலாகாவும் கரைந்தது. அப்புறம் வந்தது 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே பெயர் போடும் காலம். அதிலிருந்து அருமையான படங்கள் வந்தன, மறுக்கவில்லை, ஆனால் எழுத்து மட்டுமே தொழிலாக வைத்து ஒருவர் பிழைக்க முடியாமல் போனது. மலையாளத்தில் எம்.டி., பத்மராஜன், லோகிததாஸ் காலத்திலிருந்து திரைக்கதையாசிரியர் என்பது போஸ்டரில் பெயர் வரும் தனித் தொழில், பட்ஜெட்டும் சின்னது, சோதித்துப் பார்த்துத் தோற்றாலும் உயிர் போகாது. நாலு பக்கமும் விற்கிற கதைகள் இத்தனை வருடமாக அங்கிருந்து வருவது தற்செயல் இல்லை.

அப்படி வந்ததில் உச்சம் 'த்ரிஷ்யம்'. 2013-ல் ஜீத்து ஜோசப் எடுத்தது, ஒரு கொலையை மறைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் அப்பாவின் கதை. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி என்று இரண்டு வருடத்துக்குள் நாலு மொழிக்குப் போனது, 2017-ல் ஜாக்சன் அந்தனி நடித்துச் சிங்களத்தில் வந்தது, 2019-ல் சீனாவில் தாய்லாந்துவாழ் சீனக் குடும்பத்தின் கதையாக ஆனது. சீனப் படத்தில் அப்பா கடைசியில் சரணடைந்து சிறைக்குப் போகிறார், நம் ஊர்களில் தப்பித்தவர் அங்கே தப்பிக்கவில்லை. தமிழ்ப் 'பாபநாசம்' படத்தை ஜீத்துவே எடுத்தார், ஜெயமோகன் எழுதிய நெல்லை வழக்கு வசனத்தில் ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கம் ஆனபோது, கதை தெரிந்தவர்களும் போய் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு மதில் சரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இந்தி டிவி சேனல்கள் பல வருடமாகவே மதிய நேரத்தில் தெற்கத்திப் படங்களை டப் செய்து போட்டுக்கொண்டிருந்தன, அதே படங்கள் யூடியூபிலும் ஏறின. 'பாகுபலி', 'கேஜிஎஃப்' தியேட்டரில் வழி திறந்தன, ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்தவர்கள் சப்டைட்டிலோடு மலையாளப் படம் பார்க்கப் பழகினார்கள், 2021 டிசம்பரில் 'புஷ்பா' இந்தியில் மட்டும் 100 கோடியைத் தாண்டியது. உடனே என்ன ஆயிற்று பாருங்கள். அல்லு அர்ஜுனின் முந்தைய படமான 'அல வைகுந்தபுரமுலோ'வை ஏற்கெனவே 'ஷெஹ்ஜாதா' என்று கார்த்திக் ஆர்யனை வைத்து இந்தியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'புஷ்பா' ஓடியதைப் பார்த்து, டப்பிங் உரிமை வைத்திருந்தவர், மூலப் படத்தையே இந்தி பேச வைத்துத் தியேட்டரில் விடப்போவதாக அறிவித்துவிட்டார். ரீமேக்காரர்கள் பதறிப்போய் தியேட்டர் ரிலீஸை நிறுத்த வைத்தார்கள், ஆனால் அடுத்த மாதமே அது டிவியில் வந்துவிட்டது. ஒரே படத்துக்கு டப்பிங் உரிமை ஒருவரிடம், ரீமேக் உரிமை இன்னொருவரிடம். மதில் இருந்தவரை இரண்டையும் தனித்தனியாக விற்றுக் காசு பார்த்தார்கள், மதில் போனதும் ஒன்று இன்னொன்றைத் தின்றது. 2023 பிப்ரவரியில் வந்த 'ஷெஹ்ஜாதா' படுத்தது.

அது மட்டுமா? 2022-லிருந்து 'ஜெர்சி' இந்தியில் படுத்தது, 'வேதாளம்' தெலுங்கில் சிரஞ்சீவியோடு 'போலா சங்கர்' ஆகிப் படுத்தது, 'தெறி' இந்தியில் 'பேபி ஜான்' ஆகி 2024 கிறிஸ்துமஸுக்குப் படுத்தது. 'சூரரைப் போற்று' இந்தியில் 'உடான்' என்று டப் ஆகி ஓடிடியில் கிடக்கும்போதே, அதே சுதா கொங்கரா அக்ஷய் குமாரை வைத்து 'சர்ஃபிரா' எடுத்தார், கூட்டம் வரவில்லை. இவற்றில் சில கெட்ட படங்களே கிடையாது. 2008-ல் 'கஜினி'யை முருகதாஸ் இந்திக்குக் கொண்டுபோய், 100 கோடி வசூலித்த முதல் இந்திப் படமாக்கிய அதே வழிதான் இது. அப்போது பாட்னாவில் சூர்யாவின் 'கஜினி'யை யாரும் பார்த்திருக்கவில்லை.

விதிவிலக்கு 'த்ரிஷ்யம் 2'. மோகன்லாலின் படம் ஓடிடியில் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 2022 நவம்பரில் அஜய் தேவ்கன் நடித்த இந்திப் படம் தியேட்டரில் 200 கோடியைத் தாண்டியது. முதல் பாகம் மூலமாக அந்தக் குடும்பம் இந்திக்காரர்களுக்குச் சொந்தக் குடும்பம் ஆகிவிட்டிருந்தது என்பது என் கணிப்பு. அவர்கள் பார்க்கப் போனது ரீமேக்கை இல்லை, அந்தக் குடும்பத்து அப்பா விஜய் சல்காவ்கரின் அடுத்த பாகத்தை.

அங்கேதான் இப்போது எல்லாரும் போய் நிற்கிறார்கள். மொழி மதில் இல்லாத ஊரில் முன்பே தெரிந்த சரக்கை எப்படி விற்பது என்பதை ஹாலிவுட் முன்னாலேயே கற்றுக்கொண்டது: டிஸ்னி தன் பழைய கார்ட்டூன்களைத் தானே திரும்ப எடுக்கும், 2019 'லயன் கிங்' 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, 2025 'ஸ்னோ ஒயிட்' கவிழ்ந்தது, இருந்தாலும் நிறுத்தவில்லை. நம் ஊரிலும் ரீமேக்குக்குப் போன பணம் இரண்டாம் பாகத்துக்கும், யுனிவர்ஸுக்கும், ரீ-ரிலீஸுக்கும் திரும்பியிருக்கிறது. 2024 ஏப்ரலில் 'கில்லி'யையே துடைத்துத் திரும்ப ஓட்டினார்கள், புதுப் படங்களைவிடக் கூட்டம் அதிகம். அதே வருடம் 'மஞ்ஞும்மெல் பாய்ஸ்' மலையாளத்திலேயே வந்து தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடியைத் தாண்டியது. கொடைக்கானல் குணா குகையில் நடக்கும் கதை, பாதி வசனம் தமிழ். பத்து வருடத்துக்கு முன்பென்றால் ரிலீஸான மறு வாரமே ரீமேக் உரிமைக்குக் கொச்சிக்கு ஆள் போயிருக்கும்.

இந்த மாற்றம் முழுக்க ஒரே ஜோடியின் ஒரே வருடத்தில் தெரிகிறது. புஷ்கர்-காயத்ரி 2017-ல் 'விக்ரம் வேதா' எடுத்தார்கள், விக்ரமாதித்தன் வேதாளம் கதையிலிருந்து கிளைத்த சொந்தக் கதை. அதையே ஹ்ரித்திக் ரோஷன், சைஃப் அலி கானை வைத்து இந்தியில் திரும்ப எடுத்தார்கள், 2022 செப்டம்பரில் வந்தது, நன்றாக இருந்தது என்றார்கள், எதிர்பார்த்த வசூல் இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்னால், 2022 ஜூனில், அவர்களே எழுதிய 'சுழல்' என்ற வெப் சீரிஸ் வந்தது. தமிழ்நாட்டு மலையடிவாரச் சிற்றூர், தீப்பிடித்த சிமென்ட் ஆலை, மயானக் கொள்ளைத் திருவிழா. பெரிய ஹீரோ இல்லை. எந்தக் காட்சியையும் யாருக்காகவும் திரும்ப எடுக்கவில்லை, டப் செய்து அப்படியே அனுப்பினார்கள், இந்திக்காரர்கள் பார்த்துவிட்டு அடுத்த சீசன் எப்போது என்று கேட்டார்கள்.